டிரைவருக்கு ஊற்றிய கோழிச்சாறு

கோழிச்சாறு என்றால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் முதலில் வரும், பசி அப்புறம்தான். தஞ்சாவூரில் ஏதாவது ஓட்டலுக்குப் போனால் என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சூப் சொல்லிவிடுவார். சோளமாவு கரைத்த வெந்நீரில் நாலு கோழித் துணுக்கு மிதக்கும். அதை அவர் ஊதி ஊதிக் குடிக்கும்போது நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு சூப்புக்கு இவ்வளவு கோபமா என்று சிரிப்பார். கோபம் சூப்பின் மேல் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு ஏறாது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எங்களுக்கு ஆறு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டு, அதுவும் கோயில் குத்தகை. தாத்தா காலம் வரை எங்கள் குடும்பம் அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்த குடும்பம். அடுத்தவர் என்றால் பெரும்பாலும் பெரியவீட்டுக்காரர். ஊரில் பாதி நிலம் அவர்களுடையது. அதனால் அந்த வீட்டுக்குப் பெயரே பெரியவீடு. எங்கள் வம்சத்தில் தனக்கென்று நட்டுத் தனக்கென்று அறுத்த முதல் ஆள் அப்பாதான். ஆறு மாவைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் அறுபது வேலி வைத்திருப்பவர் பேசுவது போல இருக்கும். அம்மா உதட்டைச் சுழித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அந்தத் தை மாதம் சம்பா நன்றாக விளைந்து, கதிர் கனத்துத் தலை கவிழ்ந்து நின்றது. அறுக்க ஆள் ஏது, மெஷின்தான். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இறங்கும் அறுவடை மெஷின்களில் டயர் வைத்தது, பெல்ட் வைத்தது என்று இரண்டு தினுசு உண்டு. ஈர வயலில் டயர் மெஷின் இறங்காது. எங்கள் ஊருக்கு அந்த வருஷம் வந்ததோ ஒரே ஒரு பெல்ட் மெஷின். அதை ஓட்டிய டிரைவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஆனால் அறுப்புக் காலத்தில் அவருக்கு எங்கள் ஊரில் கிடைத்த மரியாதை கலெக்டர் வந்திருந்தாலும் கிடைத்திருக்காது. டீக்கடைக்குள் நுழைந்தால் நாலு பேர் பெஞ்சைவிட்டு எழுந்து இடம் கொடுப்பார்கள். தன் வயலை முதலில் அறுக்கவேண்டும் என்று ஆளாளுக்கு அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டி.வி.யில் சொல்லத் தொடங்கியதும் விருந்து முட்டையிலிருந்து கோழிக்கு ஏறியது.

எங்களிடம் இருந்ததே ஒரு கோழி. கறுப்பும் வெள்ளையுமாகப் பொரிப்பொரியாக இருக்கும். நான்தான் அதைக் குஞ்சிலிருந்து வளர்த்தேன்.

"டிரைவர் தம்பியச் சாப்புடக் கூப்ட்ருக்கேன். கோழியப் புடி" என்று அப்பா வந்து நின்றார்.

"முட்டை வுடுற கோழிங்க" என்றாள் அம்மா.

"நெல்லு தண்ணியில கெடந்தா முட்டைய வச்சு என்ன பண்ணுவ?"

நான் கோழியைப் பிடித்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தேன். என் கையிலிருந்துதான் அதைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

டிரைவர் கூச்சப்பட்டுக்கொண்டேதான் சாப்பிட்டார், அதைச் சொல்லவேண்டும். "போதும்ண்ணே, போதும்ண்ணே" என்று இலைக்குக் குறுக்கே கையை வைத்தார். அப்பா விடவில்லை. ஒரு காலை வைத்தார், அதைத் தின்று முடிப்பதற்குள் அடுத்த காலையும் வைத்தார். நெஞ்சுக்கறியும் ஈரலும் அங்கேதான் போயின. அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது. கையைக் கழுவும்போது டிரைவர், "நாளைக்குக் காலைல மொத வயலு உங்களுதுதாண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நம்ம வீட்ல கை நனைச்சிட்டாரு. இனிமே மாற மாட்டாரு" என்றார் அப்பா.

ஒரு வீட்டில் சாப்பிடுவதை எங்கள் பக்கத்தில் கை நனைப்பது என்போம். ஆகாத வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். நனைத்துவிட்டால் அந்த வீட்டுக்குத் துரோகம் நினைக்கமாட்டார்கள். அப்பா அதை ரிஜிஸ்தர் பண்ணிய பத்திரம் போல நம்பினார்.

எங்களுக்கு மிஞ்சியது முதுகெலும்பு, கழுத்து, இரண்டு சிறகு, பாதங்கள், சட்டியின் அடியில் ஒட்டிய மசாலா. நான் கழுத்தை எடுக்கப் போனேன். அம்மா கையில் தட்டினாள். "நாளைக்கு அறுத்துட்டு வந்ததும் இதுல சாறு வச்சுத் தரேன். எல்லாரும் ஒக்காந்து குடிப்போம்" என்று சொல்லி, சட்டியில் தண்ணீர் விட்டு ஒரு கொதி கொதிக்கவைத்து மூடிவிட்டாள். கோழி போன துக்கம் எனக்கு அந்தச் சாற்றை நினைத்ததும் பாதியாகக் குறைந்தது. சின்னப் பிள்ளையின் துக்கம் அவ்வளவுதான்.

காலையில் சாக்கும் தார்ப்பாயும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் வரப்பில் போய் நின்றோம். வானம் மூடிக்கொண்டு இருந்தது. மெஷின் சத்தம் கேட்டது. வாய்க்கால் முனை வரைக்கும் வந்தது. அங்கே எங்கள் பக்கம் திரும்பவேண்டிய மெஷின் மேற்கே திரும்பிப் பெரியவீட்டு வயலைப் பார்த்துப் போயிற்று.

அப்பா ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன். மேலே உட்கார்ந்திருந்த டிரைவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "சாயங்காலம் வந்துர்றேண்ணே" என்று ஏதோ சொன்னது அந்த இரைச்சலில் பாதிதான் கேட்டது. அப்பா சேற்றில் நின்றுகொண்டு அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். சாமி கும்பிடும்போதுகூட அப்பா அப்படிக் குனிந்ததில்லை. என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. வரப்பிலிருந்த மண்கட்டியைப் பெயர்த்து மெஷினைப் பார்த்து வீசினேன். அது பெல்ட்டில் பட்டு உதிர்ந்தது. மெஷின் போய்க்கொண்டே இருந்தது.

"கை நனைச்சாராம்" என்றாள் அம்மா. அன்றைக்கு முழுவதும் அப்பாவிடம் அவள் பேசியது அவ்வளவுதான்.

மத்தியானம் மழை பிடித்தது. ஒரு நாழிகையில் கதிரெல்லாம் பாய் விரித்தது போலச் சாய்ந்துவிட்டது. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் முளைவிட்டுவிடும். முளைத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வரப்பை வெட்டிவிட்டுப் பார்த்தார். வாய்க்காலிலும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது, வயல் தண்ணீர் எங்கே வடியும்? நனைந்து ஊறிப்போய்த் திரும்பி வந்து, துண்டைக்கூடப் பிழியாமல் சுவர் ஓரமாக உட்கார்ந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். கடை கண்ணி எதுவும் இல்லை, தக்காளி இல்லை. வீட்டில் இருந்ததைத்தான் எடுத்தாள். மிளகு, சீரகம், மல்லி, இரண்டு வரமிளகாய், ஒரு முழுப் பூண்டு. உரலில் போட்டு அவள் இடித்த இடியில் தரை அதிர்ந்தது. யார் தலையை நினைத்துக்கொண்டு இடித்தாளோ தெரியாது, டிரைவர் தலையைத்தான் என்று எனக்கு நிச்சயம். ஒரு பிடி துவரம்பருப்பையும் ஒரு கை நொய்யரிசியையும் எலும்போடு போட்டுக் குழைய வேகவிட்டாள். வெந்த எலும்பிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த கறியை விரலால் சுரண்டி மறுபடியும் சாற்றிலேயே போட்டாள். மழையில் முறிந்து கொல்லையில் விழுந்து கிடந்த முருங்கைக் கிளையிலிருந்து கீரையை உருவிக் கொண்டுவந்து தூவினாள். கொஞ்சம் புளி. நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டியபோது எழுந்த வாசனையில் எனக்கு வயல், மழை, மெஷின் எல்லாம் மறந்துபோயிற்று. லோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் வாசலில் டிரைவர் வந்து நின்றார். உரச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக் கொங்காணி போட்டிருந்தார். பற்கள் தந்தியடித்தன.

"அக்கா, காய்ச்சலாட்டம் இருக்குதுங்க. மாத்திரை ஏதாச்சும் இருக்குங்களா?"

அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா எழுந்து வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வண்டி எங்க?"

"புதைஞ்சிருச்சுங்கக்கா. பாதி வயலு அறுக்கையிலேயே மழை வந்துருச்சு. பெரியவீட்டுல மோட்டார் கொட்டாயில படுத்துக்கன்னு சொல்லிட்டாங்க. அங்க அடுப்பு ஒண்ணும் இல்லீங்க."

"காலைல எங்க வயலுன்னுதான சொன்னீங்க?"

டிரைவர் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "பெரியவீட்டுக்காரரு விடியறதுக்குள்ள எங்க ஓனருக்குப் போன் போட்டுட்டாருங்க. அவரு வயலுதான் மொதல்லன்னு. வண்டிய அங்க திருப்பலைன்னா சாவிய வச்சிட்டு ஊருக்குப் பஸ் ஏறுன்னுட்டாரு ஓனரு."

"பொய்யி" என்று கத்தினேன் நான். "கோழியத் தின்னுட்டு ஏமாத்திட்டான், இப்பப் பொய் சொல்றான்!"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. அவள் தெருவின் மேற்குக் கோடியை, பெரியவீட்டு விளக்கு தெரிந்த பக்கத்தை, ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளே வந்து என் கையிலிருந்த லோட்டாவை வாங்கி, நிறையச் சாற்றை ஊற்றிக்கொண்டு போய் அவரிடம் நீட்டினாள்.

"உள்ள வந்து ஒக்காந்து குடிங்க தம்பி."

என் லோட்டா! அவர் அதைக் குடித்தார். மூக்கு ஒழுகியது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, லுங்கியால் துடைத்துக்கொண்டே குடித்தார். மிளகுக் காரம், நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா இரண்டாவது தடவையும் ஊற்றினாள், மூன்றாவது தடவையும் ஊற்றினாள். எனக்கு அரை டம்ளர்தான் வந்தது. கோபத்தில் அதைத் தள்ளிவிட்டேன். அம்மா கெஞ்சவில்லை, எடுத்து அப்பா முன்னால் வைத்தாள். அவள் வாயில் ஒரு சொட்டுகூடப் போகவில்லை.

மாத்திரையைக் கொடுக்கும்போது கேட்டாள். "வண்டி எந்திரிச்சா எந்த வயலு?"

"உங்களுதுதாங்கக்கா."

அப்பா சுவரைப் பார்த்தபடியே சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் மழை விட்டது. பலகை போட்டுச் சங்கிலி கட்டி மெஷினைக் கரையேற்றவே அன்றைய பொழுது போயிற்று. அதற்கடுத்த நாள் நாங்கள் மூன்று பேரும் சாய்ந்த கதிரை அரிவாளால் முடிந்த மட்டும் அறுத்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. பெரியவீட்டுக்காரர் தன் வரப்பில் நின்று துண்டை வீசி வீசிக் கூப்பிடுவது எங்களுக்குத் தெரிந்தது. மெஷின் அவரைத் தாண்டி, வாய்க்கால் முனையில் திரும்பி, எங்கள் வயலுக்கு வந்தது.

டிரைவர் இறங்கி வந்து சட்டைப் பையிலிருந்த செல்போனை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். "இதக் கொஞ்சம் வச்சிருங்கக்கா. அடிச்சா எடுக்க வேண்டாம்."

அவர் மெஷினில் ஏறியதும் போன் அடிக்கத் தொடங்கியது. நின்றது, மறுபடி அடித்தது. ஆறு மாவும் அறுத்து முடியும் வரை அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா அதைக் கீழே வைக்கவில்லை. திமிறுகிற கோழியைப் பிடித்திருப்பது போல இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றாள். பாதிக்குக் கொஞ்சம் மேலே தேறியது. மிச்சம் சேற்றோடு போயிற்று.

அடுத்த நாள் வேறு ஒரு டிரைவர் வந்து மெஷின் சாவியை வாங்கிக்கொண்டார். பழையவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனதைப் பார்த்தேன். "வேலைய வுட்டு நிறுத்திட்டாங்களாம்" என்று அப்பா மெல்லச் சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் கோழியைத் தின்று ஏமாற்றியவருக்குச் சாமி கொடுத்த தண்டனை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

அந்த வாரமே ஒரு நாள், ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லை நான் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தேன். பெரியவீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தவர் வண்டியை நிறுத்தினார்.

"என்ன பாப்பா, ஒங்க அப்பன் வயலு தேறிடுச்சா?"

தலையாட்டினேன். சிரித்துக்கொண்டே என் தலையைத் தட்டிக்கொடுத்து, பேரனுக்கு வாங்கி வைத்திருந்த கிரீம் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவ்வளவு பெரிய வீட்டுக்காரர் என்னிடம் நின்று பேசியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி நகர்ந்ததும் அம்மா எங்கிருந்தோ விடுவிடுவென்று வந்தாள். பாக்கெட்டை என் கையிலிருந்து பிடுங்கி, கை ஓங்கி வாய்க்காலில் எறிந்தாள்.

"அந்த வீட்ல கை நனைக்காத" என்றாள்.

நெல்லின் மேலேயே உட்கார்ந்து காலை உதைத்துக்கொண்டு அழுதேன். கோழியைத் தின்று ஏமாற்றிய ஆளுக்கு என் லோட்டாவைப் பிடுங்கி மூன்று தடவை சாறு ஊற்றத் தெரிந்தது, நல்ல மனுஷர் ஒருத்தர் ஆசையாகக் கொடுத்ததை நான் தின்னக்கூடாதா? அம்மாவைப் போல நியாயம் தெரியாத பொம்பளை உலகத்தில் இருக்கமாட்டாள் என்று நிச்சயமாகத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பாக்கெட் இன்னும் முழுகவில்லை. அதைப் பிடிக்க வாய்க்கால் கரையோடு வெகுதூரம் ஓடினேன்.