ஏரிக்குள் நின்று பார்த்த வீடு

பிளஸ் டூ முடித்த வருடம் ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வில் நான் தோற்றுப்போனதற்குக் காரணம் ஒரு மேஜை. அதன் மேல் ஒரு குடம், இரண்டு வாழைப்பழம், மடித்த துண்டு ஒன்றை வைத்து வரையச் சொன்னார்கள். குடம் நன்றாகவே வந்தது. துண்டின் மடிப்பு இன்னும் நன்றாக வந்தது. மேஜைதான் என் பேச்சைக் கேட்கவில்லை. சுற்றி வந்த ஆசிரியர் ஒருவர் என் தாளைப் பார்த்துவிட்டு, "பழம் வழுக்கிக் கீழ விழுந்துடும்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை.

அப்பாவுக்கு அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. திட்டுகிற ஆள் இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அஞ்சல் வழியில் பி.காம். சேர்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "திறமை இருக்கு, இல்லைங்கறதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. கத்துக்கிட்டேன்னு காட்டு. எனக்கும் புரியணும். அப்புறம் அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போடறேன்." எனக்கு ஒரு வருடம் கிடைத்தது.

பழைய புத்தகக் கடையில் பெர்ஸ்பெக்டிவ், அதாவது தட்டைத் தாளில் தொலைவைக் காட்டுகிற முறை பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். முதல் பக்கத்திலேயே தண்டவாளம். இரண்டு கோடும் தொலைவில் ஒரு புள்ளியில் சேர்ந்து மறைந்துபோகும். தண்டவாளத்துக்கு எனக்கென்ன பஞ்சம்? அப்போது பம்மலில் வாடகை வீட்டில் இருந்தோம். பல்லாவரம் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து மின்சார ரயில், இறங்கினால் தாம்பரம். ஆனால் தாம்பரத்தில் தண்டவாளம் இரண்டோடு நிற்பதில்லை. வளைகிறது, பிரிகிறது, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு இடியாப்பம் மாதிரி கிடக்கிறது. நடைமேம்பாலத்தில் நின்று ஒரு வாரம் வரைந்தேன். என் தண்டவாளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளியில் போய் மறைந்தன. அந்த வழியில் ஒரு ரயிலும் ஊர் போய்ச் சேராது.

கண்மட்டம் என்றால் என்ன என்பது கோவளத்தில்தான் விளங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மீன் பேரம் பேசிக்கொண்டிருக்க, நான் மணலில் உட்கார்ந்து ஒரு படகை வரைந்தேன். கடலும் வானமும் சேர்கிற கோடு படகின் விளிம்பை ஒட்டி இருந்தது. கால் மரத்துப்போய் எழுந்து நின்றால், அந்தக் கோடு படகுக்கு மேலே ஏறிவிட்டது. உட்கார்ந்தேன், இறங்கியது. எழுந்தேன், ஏறியது. கடல் என் கண்ணோடு கூடவே வந்தது! எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மீன் விற்ற அக்கா கத்தியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"இன்னாம்மா, குந்துற, எழுந்துக்கிற, குந்துற. எதனா தொலைச்சிட்டியா?"

"கடல் என்கூட எழுந்துக்குதுக்கா" என்றேன்.

வெயிலில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது, மோர் வாங்கிக் கொடு என்று அவர் அம்மாவுக்கு யோசனை சொன்னார். அம்மா நிஜமாகவே வாங்கிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து மளமளவென்று வந்தது. எதைப் பார்த்தாலும் முதலில் என் கண்மட்டத்தைக் கோடாக இழுத்துவிடுவேன். மற்ற கோடுகள் எல்லாம் அதை நோக்கி ஏறவோ இறங்கவோ வேண்டியதுதான். பீரோ, பேருந்து, தெருமுனை டீக்கடை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

அதே சமயம் செம்பாக்கம் ஏரியை ஒட்டி எங்கள் சொந்த வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அப்பா அலுவலகம் விட்டு நேரே அங்கே போவார். கையில் சொந்தக் காசில் வாங்கிய ரசமட்டம். சுவருக்குச் சுவர் அதை வைத்து, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். மேஸ்திரிக்கு அவரைக் கண்டாலே பேஜார்.

தை மாதம் கிரகப்பிரவேசம். பத்திரிகையில் வீட்டின் படம் போட அப்பாவுக்கு ஆசை. போட்டோ எடுத்தால் சாரக்கட்டைதான் தெரியும். "நீ வரையேன்" என்றார். இதுதான் என் பரீட்சை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

எங்களுடையது மூலை மனை, கிழக்கிலும் வடக்கிலும் தெரு. இரண்டு தெருவும் சேரும் வடகிழக்கில் நின்று வரைந்தேன். நேர் எதிரே நின்று தட்டையாக வரைந்திருந்தால் வம்பே வந்திருக்காது. ஆனால் கற்றதைக் காட்ட வேண்டாமா? வீட்டின் மூலை முன்னால் நிமிர்ந்து நிற்க, இரண்டு பக்கச் சுவரும் பின்னோக்கிச் சிறுத்துப் போயின. நானே மயங்கிப்போய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அப்பாவின் அண்ணன் வந்தார். பெரியப்பாவின் சட்டைப் பையில் பேனா இருக்காது, திசைகாட்டி இருக்கும். வாஸ்து பார்த்துத் தன் வீட்டுக் கழிவறையை மூன்று முறை இடம் மாற்றியவர். தென்மேற்கு உயர்ந்தும் வடகிழக்கு தாழ்ந்தும் இருக்க வேண்டும் என்பது அவருக்கு வேதவாக்கு. படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னடா இது, ஈசான்ய மூலை உச்சத்துல நிக்குது. தெற்கயும் மேற்கயும் வீடு சரிஞ்சு போகுது. இதையா அச்சடிச்சு ஊருக்கெல்லாம் குடுக்கப்போற?"

அப்பாவுக்கு வாஸ்துவில் அவ்வளவு பற்று கிடையாது. சரிஞ்சு போகுது என்ற சொல்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு அப்போதே செம்பாக்கம் போனார். திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"சுவர் சரியாத்தான் இருக்கு. குமிழி நடுவுல நிக்குது. அப்ப படம்தானேம்மா தப்பு?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. குமிழிக்குக் கண் கிடையாது என்றேன். கோட்டைக் கொஞ்சம் நேராக்கிவிடேன் என்று அவர் கெஞ்சாத குறையாகக் கேட்க, முடியாது என்று எழுந்து போனேன். சாப்பிடவும் இல்லை. கோட்டை நேராக்கினால் அது இன்னொரு மேஜை. நேராக்காவிட்டால் வாழ்நாள் முழுக்க பி.காம். நடுவில் வழியே தெரியவில்லை.

இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்த பிறகுதான் புத்தியில் பட்டது. எந்த மூலை பக்கத்தில் இருக்கிறதோ அது உயரம். பெரியப்பாவுக்குத் தென்மேற்கு உயரமாக வேண்டுமா? தென்மேற்கில் போய் நின்றால் தீர்ந்தது. ஒரே ஒரு சிக்கல், எங்கள் மனைக்குத் தென்மேற்கில் இருந்தது ஏரி.

சனிக்கிழமை அப்பாவை வலுக்கட்டாயமாக அழைத்துப் போனேன். கரையில் நின்றால் வீடு முழுசாகத் தெரியவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் தண்ணீரில் இறங்க, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அப்பாவும் முனகியபடி வந்தார். முழங்கால் ஆழத்தில் நின்று அவர் கையில் ஸ்கேலைக் கொடுத்தேன். கையை நீட்டி, ஸ்கேலைப் படுக்கையாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மாடிச் சுவரின் மேல்விளிம்பைப் பார்க்கச் சொன்னேன்.

அப்பா பார்த்தார். ஸ்கேலைத் திருப்பி இன்னொரு பக்கமும் பார்த்தார்.

"எறங்குதும்மா" என்றார். "ரெண்டு பக்கமும் எறங்குது. ஆனா அது லெவல்லதான் இருக்கு. நானே வச்சுப் பார்த்தேனே."

பிறகு இடப்பக்கம் நாலு அடி நகர்ந்து பார்த்தார். வலப்பக்கம் நகர்ந்து பார்த்தார். சேற்றில் ஒரு செருப்பு போனதுகூட அவருக்குத் தெரியவில்லை. "இதுல கணக்கு இருக்கும்மா, இதை ஏன் முதல்லயே சொல்லல?" என்று என்னையே குற்றம் சாட்டினார். ஒரு வருடமாக அதைத்தானே சொல்கிறேன் என்றதும் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்படித்தான் எங்கள் கிரகப்பிரவேசப் பத்திரிகை வீட்டின் முதுகுப் பக்கத்தோடு அச்சானது. கழிவுநீர்க் குழாய், குளியலறை ஜன்னல், வேலிக்காத்தான் புதர் எல்லாம் இருந்தன, வாசற்படி இல்லை. பெரியப்பா, இப்பத்தான் வீடு வீடா இருக்கு என்று பூரித்துப்போனார். அம்மா, வாசல் இல்லாத வீட்டுக்கு யார் வருவார்கள் என்று புலம்பினாள். ஆனால் எல்லாரும் வந்தார்கள். நாலைந்து பேர் படத்தை வைத்துக்கொண்டு ஏரிக்கரையோரமாகத் தேடிக்கொண்டு வந்தார்கள். சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது அப்பாவைக் காணோம். பார்த்தால், அலுவலக நண்பர்கள் மூன்று பேரைப் பின்பக்கம் கூட்டிப்போய் ஆளுக்கொரு பேனாவை நீட்டிப் பிடிக்கவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து வந்தவர் என் முன்னால் ஓவியக் கல்லூரி விண்ணப்பப் படிவத்தை வைத்தார். ஒன்றல்ல, இரண்டு. எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"ஒண்ணு தப்பாயிட்டா?" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

பிரித்துப் பார்த்தேன். இரண்டிலும் ஓர் எழுத்துகூட நிரப்பப்படவில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். எழுதாத காகிதத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போடக் கூடாது என்று எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து சொல்லி வந்த மனிதர். குளியலறையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் நிற்பதற்குள் நான் அழுது முடித்துவிட்டேன்.