அருவிக்கரையில் பெண் பார்த்தது

நேற்று குற்றாலத்தில் பேத்தியோடு நின்றேன். அருவி இரைச்சலில் அவள் பேசியது கேட்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினெட்டு. ஒரு சாரலில் பிடித்த இருமல் மறு சாரல் வந்தும் அவளை விடவில்லை.

"சாரல் காலத்துல யாருட்டி இருமாம இருக்கா?" என்பாள் அம்மா. ஆஸ்பத்திரிக்குப் போனால் தென்காசி முழுக்கத் தெரிந்து, கல்யாணம் நின்றுவிடும் என்று பயம்.

பெண் பார்க்க வந்தவர்களை அப்பா அருவிக்கரைக்கு வரச் சொன்னார். அங்கே இருமல் கேட்காது. அக்கா வெட்கப்படுவது போல முந்தானையால் வாயை மூடி, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பொண்ணு பேசவே மாட்டாளோ?" என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தாள்.

"இந்தச் சத்தத்துல என்னத்தப் பேச, மதினி!" என்றார் அப்பா.

ஆவணியில் கல்யாணம். கார்த்திகையில் ரத்தமாகத் துப்பினாள்.

"டி.பி.க்கு ஊசி வந்தாச்சே. போன வருசமே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். தை பிறப்பதற்குள் அக்கா போய்விட்டாள்.

அன்று அருவிக்கரையில் அவள் இருமியது யாருக்கும் கேட்கவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் அவள் கை என் கைக்குள் குலுங்கியது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று பேத்தி கையை இழுத்தாள். நான் விடவில்லை.