மெட்டி போட்ட காலுக்கு மலையேறும் ஷூ

1. போணிக்கு முன் வந்த பெட்டி

தி.நகர் செருப்புக் கடையில் சேல்ஸ்மேனாக என் காலம் பெரும்பாலும் போய்விட்டது. முதல் போணி ஆவதற்கு முன்னால் விற்ற சரக்கு திரும்பி வந்தால் எங்கள் முதலாளி பாய்க்கு முகம் சுருங்கிவிடும். அன்றைக்கு அப்படித்தான் ஆயிற்று. நான் ‘முருகா’ என்று ஷட்டரை ஏற்றிப் பத்தி கொளுத்தி வைத்திருந்தேன். மயிலாப்பூர் விசாலம் மாமி கையில் ஷூ பெட்டியோடு படியேறி வந்தார். பின்னாலேயே மெதுவாக அவருடைய கணவர்.

“கடிக்கறதுப்பா. வேற மாத்திக் குடு.”

பாய் கல்லாவிலிருந்து என்னைப் பார்த்தார். “இன்னா நைனா, பத்தி பாதி கூட எரியல, அதுக்குள்ள ரிட்டனா?”

அந்த ஷூவைச் சில வாரங்களுக்கு முன் விற்றது நான்தான். கெட்டியான முன்பக்கமும் பல் பல்லான சோலும் உள்ள, மலையேறுகிற ஷூ. எங்கள் கடையில் அந்த ரகம் அபூர்வமாகத்தான் போகும். அதுவும் ஜென்மத்தில் ஷூவே போடாத ஒரு மாமி வந்து கேட்டதால் எனக்கு ஆச்சரியம். எங்கே போகிறீர்கள் என்று அன்றைக்கே விசாரித்தேன்.

பத்ரிநாத் யாத்திரைக் கோஷ்டியோடு போகிறாராம். வழியில் ஹேம்குண்ட் என்று ஓர் ஏரி. கீழே ஊரில் ராத்தங்கி, விடியற்காலை ஏறி, அன்றைக்கே இறங்கிவிட வேண்டும். ஏரிக்கரையில் சீக்கியர்களின் குருத்வாரா இருக்கிறது. பக்கத்திலேயே, லட்சுமணர் தவம் செய்த இடம் என்று அவருக்கும் ஒரு கோயில்.

“மலை உச்சில ஏரியா மாமி? ஏரின்னா தண்ணி ஓடி வந்து நிக்கற பள்ளம்தானே?” என்றேன். எனக்குத் தெரிந்த ஏரியெல்லாம் செம்பரம்பாக்கம் மாதிரிதான்.

“சுத்தி இன்னும் ஒசரமா மலை நிக்கறதாம். அதுல இருக்கற பனி உருகி வந்து ரொம்பறதாம். நானும் கேள்விதான். பாத்துட்டு வந்து சொல்றேன்.”

அந்த வார்த்தை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதற்கப்புறம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த ஏரி ஞாபகம்தான். மீன் இருக்குமா, தண்ணீர் என்ன நிறம், அவ்வளவு உயரத்தில் கால் வீங்குமா என்று.

2. பரங்கிமலைப் படிகள்

இப்போது பெட்டியோடு வந்த மாமி நடந்ததைச் சொன்னார். ஏரிக்கு யார் யாரை மேலே கூட்டிப் போகலாம் என்று பார்ப்பதற்காக, கோஷ்டியின் மேனேஜர் எல்லோரையும் ஷூ போடச் சொல்லிப் பரங்கிமலைப் படிகளில் ஏற்றி இறக்கியிருக்கிறார். மாமி ஏறும்போது முன்னால் நின்றாராம். மாதா கோயிலில் ஒரு கும்பிடும் போட்டாராம். இறங்கும்போதுதான் வினை. பாதிப் படியிலேயே விரல் எரிய ஆரம்பித்து, கீழே வந்து சாக்ஸைக் கழற்றினால் ரத்தம்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு தரம் வெக்கறாராம். அப்பவும் நொண்டினா, நீங்க கீழ ரூம்ல இருந்து ஜபம் பண்ணுங்கோன்னுட்டார்,” என்றார் மாமி.

கணவர் சமாதானம் சொல்லப் பார்த்தார். “விசாலம், நானும் கீழ ரூம்லதானே இருக்கப் போறேன்? டாக்டர் என்னை ஏறவே கூடாதுன்னுட்டார். பேச்சுத் துணைக்கு ஆச்சு.”

“நீங்க சும்மா இருங்கோ. உங்களுக்காகத்தான் போறேன்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “இவருக்கு நெஞ்சைத் தொறந்து ஆபரேஷன் பண்ணினாப்பா. ஐ.சி.யூ. வாசல்ல ராத்திரியெல்லாம் உக்காந்திருந்தேன். அண்ணாவுக்குக் காவலா காட்டுல தூங்காம நின்னவர் லட்சுமணர். அவரண்ட வேண்டிண்டேன், இவருக்குக் காவலா நில்லு, நீ தபஸ் பண்ணின எடத்துக்கே நான் வந்து நமஸ்காரம் பண்றேன்னு. காவல் நின்னுட்டார். நான் போகாட்டா எப்படி?”

பாய் அதற்கப்புறம் ரிட்டன் என்ற வார்த்தையே எடுக்கவில்லை.

3. குடோன் படி

ஒரு சைஸ் பெரிதாக எடுத்துப் போட்டுவிட்டேன். குடோனுக்குப் போகிற மரப்படி எங்கள் கடையில் செங்குத்தானது. அதில் ஏறி இறங்கச் சொன்னேன். இறங்கும்போது மாமி முகம் சுளித்தார். அதைவிடப் பெரிதாகப் போட்டால் குதிகால் கழன்று வந்தது. லேஸை இறுக்கினேன், கனமான சாக்ஸ் போட்டேன், வேறு மாடல் எடுத்தேன். ஏறும்போது சுகம், இறங்கும்போது வலி. எனக்குப் புதிராக இருந்தது.

திருப்பிக் கொடுத்த பழைய ஷூவை எடுத்து உள்ளே கையை விட்டுத் தடவினேன். முன்பக்கத் துணியில் ஒரே இடத்தில் சின்னக் கோடாகக் கீறல். இன்னொரு ஷூவிலும் அதே இடத்தில். உள்ளே ஆணி இல்லை, தையல் முடிச்சும் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தும் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் மாமியின் காலைப் பார்த்தேன். கட்டை விரலுக்கு அடுத்த விரலில் கெட்டி வெள்ளி மெட்டி.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெண்களுக்குச் செருப்பு போட்டுவிட்டிருக்கிறேன். திறந்த செருப்பில் மெட்டி தன் பாட்டுக்கு இருக்கும். இந்த ஷூவில் இறங்கும்போது கால் முன்னால் சரியும். கெட்டியான முன்பக்கம் விரல்களை நெருக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட வெள்ளி பக்கத்து விரலை அறுக்கும்.

“மாமி, மெட்டிதான் கடிக்குது. ஷூ இல்ல.”

“அதுக்கு?”

நான் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டேன். கணவர்தான் சொன்னார். “ஒரு நாள் கழட்டி வெச்சா என்ன? நான் என்ன காத்துலயா பறந்துடப் போறேன்?”

“வாயைக் கழுவுங்கோ! உங்க ஆயுசுக்கு வேண்டிண்டு போறவ மெட்டியைக் கழட்டிட்டுப் போவாளா? அதுக்கு நான் ரூம்லயே உக்காந்துக்கறேன்.”

ஷூவைக் கழற்றிப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்துவிட்டார். மாமியின் கண் கலங்கியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

“தப்பா நெனைக்காதீங்க மாமி. எங்க வீட்ல ஸ்கேன் எடுக்கப் போனப்போ உடம்புல ஒரு பொட்டு உலோகம் இருக்கக் கூடாது, தாலியக் கழட்டும்மான்னாங்க. அவ அழுது ஆர்ப்பாட்டம் பண்ணிட்டா. அங்க வேலை பாக்கற அம்மா ஒருத்தங்கதான் மஞ்சக் கயிறு ஒண்ணு குடுத்து, அதக் கட்டிக்கிட்டு இதக் கழட்டுன்னாங்க. கழுத்து ஒரு நிமிஷம் கூட வெறுமையா இல்ல. விரலுக்கும் அப்படிச் செய்யலாமே?”

மாமி யோசித்தார். “கயித்தை யார் கட்டறதாம்?”

“அன்னிக்கு அம்மி மேல உன் காலைத் தூக்கி வெச்சு மெட்டி போட்டது யாரு?” என்றார் கணவர். “போட்டவன் கட்டறேன்.”

4. சாய்வு ஸ்டூல்

“எதுத்தாப்ல பூக்காரம்மா கைல மஞ்சக் கயிறு கீது. நானே வாங்கியாறேன்,” என்று பாய் கல்லாவை விட்டு எழுந்தார். போணி ஆகாமல் அவர் கல்லாவை விட்டு எழுந்ததை நான் பார்த்ததே இல்லை.

அளவு பார்க்க நாங்கள் உட்காருகிற குட்டி ஸ்டூலில் முன்னால் ஒரு சாய்வுப் பலகை இருக்கும். வாடிக்கையாளர் அதில் காலை வைப்பார். அன்றைக்கு அந்த ஸ்டூலில் மாமியின் கணவர் உட்கார்ந்தார். மாமி கூச்சத்தோடு வலது காலைப் பலகையில் வைத்தார். பெரியவர் முதலில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். அப்புறம்தான் மெட்டியை நெகிழ்த்திக் கழற்றினார். மாமி கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தார். பிறகு இடது கால். இரண்டு மெட்டியும் அவர் சட்டைப் பையில் போயின.

“எங்கிட்ட பத்திரமா இருக்கும். நீ போய்ட்டு வா.”

பழைய ஷூவையே மாட்டிக்கொண்டு மாமி குடோன் படியில் ஏறினார். இறங்கினார். மறுபடியும் ஏறி இறங்கினார். பாதிப் படியில் நின்று, “ஏன்னா, கடிக்கவே இல்லை!” என்று கத்தினார்.

“அம்மா, சாக்ஸ் ரெண்டு ஜோடி எட்த்துக்குங்க. அதான் இன்னிக்கு போணி,” என்றார் பாய்.

யாத்திரை முடிந்து இருவரும் பிரசாதத்தோடு வந்தார்கள். பரங்கிமலையில் நொண்டவில்லையாம். மேலேயும் போய்விட்டாராம். நான் கேட்ட முதல் கேள்வி தண்ணீரின் நிறம்.

“மேகம் மூடினா கறுப்பு, வெயில் வந்தா பச்சை. மீன் கண்ணுல படலை. ஷூவைக் கழட்டிக் கால் வெச்சேன், வெட்டற குளிர். கயிறு நனைஞ்சு முடிச்சு இறுகிடுத்து. கீழ வந்ததும் இவர் கத்திரியை எடுத்துண்டு வந்தார். நான் விடலை.”

காலைப் பார்த்தேன். மெட்டி பழைய இடத்துக்கு வந்திருந்தது. அதற்கு மேலே சாயம் போன கயிறு.

“ரெண்டு கட்டு போட்டாச்சு. இனிமே நான் எங்க பறந்து போறது?” என்றார் பெரியவர்.

கடையில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சைஸ் கேட்பதற்கு முன்னால் காலைப் பாருங்கள். மெட்டி இருந்தால், ஷூ ஏன் கடிக்கும் என்று விவரமாகச் சொல்லுங்கள். கழற்றுங்கள் என்று மட்டும் உங்கள் வாயால் சொல்லாதீர்கள். அவர்கள் பேசி முடிவு செய்யட்டும். ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுவிட்டு, அந்தப் பக்கம் போய் லேஸ் கோர்த்துக்கொண்டிருங்கள்.