பேரிக்காய் மரத்தில் தொங்கிய எலும்பு

மருத்துவர் மேசை இழுப்பறையைத் திறந்து அதை எடுத்து வைத்தபோது, அது என் மகளின் தொடை எலும்பு என்று எனக்கு உடனே விளங்கவில்லை. பச்சரிசி நிறத்தில் பிளாஸ்டிக். எலும்பின் கீழ்ப்பாதி மட்டும். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஓரிடம் சிவப்பாகப் புடைத்திருந்தது. ஸ்கேன் படங்களைக் கணினியில் கோத்து, அச்சு இயந்திரத்தில் அதே அளவுக்கு அடுக்கடுக்காக அச்சிட்டு எடுத்தது என்றார். சிவப்பு நிறம்தான் கட்டி. கையில் வாங்கிப் பார்க்கச் சொன்னார். நான் வாங்கினேன். என் வீட்டுக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அருவங்காட்டுத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு மலை இறங்குவதும் ஏறுவதுமாகச் சில மாதங்கள் ஓடியிருந்தன. மருந்து ஏற்றி ஏற்றி முடியெல்லாம் கொட்டிவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று, 'நல்லவேளை, மண்டை நல்ல உருண்டை' என்று அவளே சொல்லிக்கொள்வாள். நான் சிரிப்பேன், பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். கட்டி சுருங்கிவிட்டது, இனி அறுவைச் சிகிச்சை என்றார்கள்.

இரண்டு வழி சொன்னார் மருத்துவர். ஒன்று, காலைத் தொடையோடு எடுத்துவிடுவது. இன்னொன்று, கட்டி உள்ள எலும்புத் துண்டை மட்டும் அறுத்தெடுத்து, கட்டியைச் சுரண்டி, மிச்ச நோயும் சாகும்படி கதிர்வீச்சு கொடுத்து, அதே துண்டைத் திரும்பப் பொருத்தித் தகடு வைத்து முடுக்குவது. கட்டிக்கும் மூட்டுக்கும் நடுவே இரண்டு விரல் அகலம்தான் நல்ல எலும்பு. அறுக்கும் கோடு மேலே போனால் நோய் தங்கிவிடும், கீழே போனால் முழங்கால் போய்விடும். அதனால்தான் இப்படி ஒரு எலும்பை அச்சிட்டு முன்கூட்டியே அறுத்துப் பார்க்கிறார்களாம். அறுவையின்போது தலையில் மாட்டிக்கொள்ள ஒரு கண்ணாடி உண்டாம், அதில் உள்ளே இருக்கும் எலும்பும் வெட்டுக்கோடும் காலின் மேலேயே தெரியுமாம். இவளுக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பு இரண்டு வழியிலும் ஒரே அளவுதான், முடிவு உங்களுடையது என்றார்.

என் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "திரும்ப வெக்கிறப்ப அதுல உசுரு இருக்காதுங்களா?"

"இருக்காதுங்க. பக்கத்துல இருக்கற எலும்பு மெதுவா அதுக்குள்ள வளரும்."

முதல் வார்த்தைக்குப் பிறகு சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அறுத்துப் பழக எங்களிடம் இன்னொன்று இருக்கிறது, இதை எடுத்துப்போய் நிதானமாகப் பேசி அடுத்த வாரம் வாருங்கள் என்று மருத்துவர் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். மேட்டுப்பாளையம் தாண்டி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அது என் மடியில் உருண்டது.

மறுநாள் காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தால், வாசலில் இருக்கும் பேரிக்காய் மரத்துக் கிளையில் அந்தப் பை தொங்கியது.

எங்கள் சொந்த ஊர் பவானிப் பக்கம். அங்கே ஒருவரை எரித்துவிட்டு எலும்பு பொறுக்கினால் அதை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். ஆற்றில் கரைக்கும் நாள் வரைக்கும் துணியில் முடிந்து வெளியே மரத்தில்தான் கட்டி வைப்பார்கள். மாமனார் எலும்பை அப்படிக் கட்டியவரும் இதே மனிதர்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். எலும்பை வீட்டில் வைக்கக்கூடாது என்று மட்டும் அவர் முணுமுணுத்தார். யோசித்துச் செய்யவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கை பழக்கப்பட்டதைச் செய்துவிட்டது.

சத்தம் கேட்டு அவள் ஊன்றுகோலோடு வெளியே வந்தாள். தாத்தா இறந்தபோது அவளும் பார்த்திருக்கிறாள். தூறலில் நின்று பையை ஒரு கையால் அவிழ்த்தாள். நான் உதவப் போனதற்கு வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"அப்பா, நான் இன்னும் சாகலீங்க" என்றாள்.

குரலை உயர்த்தவேயில்லை. பையை உள்ளே கொண்டுபோய், எலும்பை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் வைத்தாள். அதன் பிறகு அவள் அப்பாவிடம் பேசவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனார். செத்த எலும்பை உள்ளே வைத்துத் தைத்து என் பிள்ளை அதைச் சுமந்து நடக்கவேண்டுமா, காலை எடுத்துவிடச் சொல்லிவிடலாம் என்று என்னிடம் சொன்னார். அவளோ கால் வேண்டும் என்றாள். நடுவில் நான். யாருடைய கால் என்று அவரைக் கேட்டேன்.

அடுத்த முறை போனபோது அவர் இதையே மருத்துவரிடம் சொல்லிவிட்டார். மருத்துவர் வாதாடவில்லை. அந்தக் கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, மகளைப் படுக்கையில் படுக்கவைத்து, என் வீட்டுக்காரர் தலையில் மாட்டிவிட்டார். அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். மேசையில் ஒரு வாரமாகப் பார்க்க மறுத்த எலும்பு இப்போது தோலுக்கும் தசைக்கும் நடுவே, அதற்குரிய இடத்தில் இருந்தது. தொடப் போனவரின் கை காற்றைத் தடவி, கடைசியில் அவள் முழங்காலின் மேல் அமர்ந்தது. அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். வெகுநேரம் அவர் கையை எடுக்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "அதையே வெச்சுருங்க. அவளோட எலும்புதானுங்களே."

எலும்பு ஒட்டி அவள் கோலில்லாமல் நடக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறாள், குன்னூர்ப் படிகளை என்னைவிட வேகமாக ஏறுகிறாள். ஸ்கேனுக்கு இன்னும் போகிறோம். ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனால் அறுவை முடிந்த அந்தச் சாயங்காலத்தைத்தான் சொல்லவேண்டும்.

வெட்டு நினைத்த கோட்டிலேயே விழுந்தது என்று மருத்துவர் வந்து சொன்னார். பாதத்துக்குப் போகும் நரம்பைக் கொஞ்சம் விலக்கிப் பிடிக்க நேர்ந்ததாம், அது நன்றாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றார். எங்கள் இருவரையும் உள்ளே விட்டார்கள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் கட்டு, வெளியே பாதம் மட்டும். மருத்துவர் அவளை எழுப்பி விரலை அசைக்கச் சொன்னார். அசையவில்லை. மறுபடியும் சொன்னார். அந்தப் பாதம் அப்படியே கிடந்தது.

என் வீட்டுக்காரர் கால்மாட்டுக்குப் போய் நின்றார்.

"கண்ணு, அப்பா பாத்துட்டு இருக்கறேன். பெருவெரல மட்டும் ஆட்டு சாமி."

பெருவிரல் அசைந்தது. நின்றது. திரும்ப அசைந்தது.

"தெரியுதுங்களாப்பா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

அவர் தலையைத் தலையை ஆட்டினார். நான்தான், "தெரியுது கண்ணு, அப்பாவுக்கு நல்லாத் தெரியுது" என்று சொன்னேன்.