மணித்திரையும் நாலு வேட்டியும்

1. புளியமரம் தாண்டிய திரை

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ரோட்டில் மரம் கிடந்தது. பஸ் ஓடவில்லை. கல்யாண வீடுகளில் படம் போடுவதற்கு வந்திருந்த ஆர்டர்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின.

நான் அப்போது சம்பந்தம் முதலாளியிடம் வேலை பார்த்தேன். பதினாறு எம்.எம். புரொஜக்டரும் திரையும் வாடகைக்கு விடும் கடை. திரை கட்டுவது, ரீல் மாட்டுவது, பெட்டி தூக்குவது எல்லாம் நான்தான். கடைக்கு வருகிறவர்களிடம் பேசுவது மட்டும் முதலாளி. எனக்கு அது அன்றும் வராது, இன்றும் வராது.

ஏற்கெனவே வீடியோ டெக் வந்து எங்கள் பிழைப்பில் கை வைத்திருந்தது. "டிவி பொட்டி மாதிரி பளிச்சினு இருந்தாத்தாண்டா இனிமே நம்மள கூப்புடுவான்" என்று சொல்லி, முதலாளி மெட்ராஸ் போய் ஒரு வெளிநாட்டுத் திரையை வாங்கிவந்தார். பீடட் ஸ்கிரீன். நாங்கள் மணித்திரை என்போம். மேலே கண்ணாடித் தூளை மணி மணியாக ஒட்டியிருக்கும். கை பட்டால் உதிரும். முதுகில் கறுப்புப் பூச்சு, ஒரு பொட்டு வெளிச்சம்கூட பின்னால் போகாது. அதற்கு என்ன கொடுத்தார் என்று என்னிடம் சொல்லவில்லை. அவர் சம்சாரம் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

அந்தச் சமயத்தில் வெள்ளிமலைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து திருவிழாவுக்குப் படம் கேட்டு ஆள் வந்தது. சுற்றியுள்ள ஊர்ப் பெரியவர்களும் வந்து பார்ப்பார்களாம். பிடித்தால் நாலு ஊர்த் திருவிழாவுக்கும் நாங்கள்தான்.

"இதுவும் போச்சுனா ஷட்டர எறக்கிடுவேன் ஏழுமலை. நீ கரும்பு வெட்டப் போயிடு" என்றார் முதலாளி. விளையாட்டாகச் சொல்லவில்லை.

கச்சிராயபாளையம் வரை இரண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனோம். ஒன்றில் புரொஜக்டரும் ரீல் டப்பாக்களும். இன்னொன்றில் நீளவாக்கில் கட்டிய மணித்திரை. வழியில் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. மறியல்காரப் பையன்கள் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாய்யா அது, பீரங்கியா?"

"சினிமாத் திரை தம்பி. மேல திருவிழா" என்றார் முதலாளி.

"எங்களுக்கு பஸ்ஸும் இல்ல சோறும் இல்ல, நீ படம் காட்டப் போறியா? இங்கியே கட்டிட்டுப் போயேன்."

"கரண்டு குடு, கட்றேன்."

சிரித்துவிட்டார்கள். நாலு பேர் இறங்கிவந்து திரையைத் தோளில் வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். "பாத்துடா, மணி உதிரப்போவுது" என்று முதலாளி கத்த, "ஏன் பெருசு, உள்ள பொண்ணா கீது?" என்றான் ஒருவன். அதற்குப் பிறகு எத்தனையோ திரையை வேனில் ஏற்றிப் போயிருக்கிறேன். அவ்வளவு மரியாதையாக ஒரு திரையும் போனதில்லை.

கச்சிராயபாளையத்திலிருந்து கடுக்காய் வியாபாரி ஒருவரின் ஜீப்பில் மலையேறினோம். ஜெனரேட்டரும் அவருடையதுதான்.

2. "எளவுக்கா வந்திருக்கோம்?"

அந்த ஊரில் களம் ஒன்றுதான் சமதரை. முதலாளி அளந்து பார்த்து, களத்தின் நடுவே திரையை நிறுத்தச் சொன்னார். பொழுது சாய்ந்ததும் சனம் வந்தது. ஆண்கள் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பெண்கள் நேராகத் திரைக்குப் பின்னால் போய்ப் பாய் விரித்தார்கள்.

கீழேயும் துணித்திரை கட்டிய காலத்தில் இந்த வழக்கம் உண்டு. துணியில் விழும் படம் பின்பக்கமும் தெரியும். இடம் வலம் மாறித் தெரியும், அவ்வளவுதான். கல்யாண மண்டபங்களில் வரிசையாக நாற்காலி போட்டுக் காட்டிப் பழகியதில் முதலாளி அதை மறந்துபோயிருந்தார். எனக்கும் ஞாபகம் வரவில்லை.

படம் ஓட ஆரம்பித்தது. நடுவில் உட்கார்ந்திருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவ்வளவு பளிச்சென்று நானும் பார்த்ததில்லை. பின்னாலிருந்து சத்தம் வந்தது. ஊர்ப் பெரியவரின் மருமகள் காளியம்மா எழுந்து திரையைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"ஏம்பா, எங்களுக்கு மட்டும் கறுப்புத் துணியா? நாங்க இன்னா, எளவுக்கா வந்திருக்கோம்?"

"முன்னாடி வந்து ஒக்காருங்கம்மா. ஜம்முனு தெரியும்" என்றார் முதலாளி.

"எங்க மாமனாரு மூஞ்சிக்கு நேரா ஒக்காந்து நான் சிரிக்கணுமா? நீ வேணா ஒக்காரு."

பெண்கள் பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள். முன்னால் ஓரத்தில் இருந்த ஆண்களும், "எங்களுக்கும் மங்கலாத்தாங்க கீது" என்றார்கள். மணித்திரையின் குணம் அதுதான். வெளிச்சத்தை நேர் எதிரே திருப்பி அடிக்கும். ஓரத்துக்குக் கொடுக்காது.

பெரியவர் முதலாளியைப் பக்கத்தில் கூப்பிட்டார். "திருவிழாக் காசுல பாதி அவங்க கடுக்காய் பொறுக்கிச் சேத்தது. அவங்க எழுந்துட்டா நாங்களும் எழுந்துக்கறோம். அப்புறம் நாலு ஊருக்கும் நான் இன்னா சொல்றது?"

முதலாளி போய்ப் புரொஜக்டரை நிறுத்தினார். காளியம்மாதான் வழி சொன்னார்.

"போன வருசம் வந்தவன் வேட்டியத்தான் கட்டினான். நல்லாத்தான் தெரிஞ்சிது. வேட்டி தரேன், கட்டுறியா?"

முதலாளி என்னைக் கூப்பிடவில்லை. மணித்திரையைத் தானே சுருட்டி உறைக்குள் போட்டார். சுவாமி புறப்பாட்டுக்கு எடுத்து வைத்திருந்த புது வேட்டிகளில் நாலு வந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பக்கம் தைத்தார்கள். நான் பெட்ரோமாக்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டி முடித்ததும் முதலாளி ஒரு குடம் தண்ணீர் வாங்கி, துணி முழுக்கக் கையால் தெளித்தார். துணி நனைந்தால் பின்பக்கம் வெளிச்சம் கூடுதலாக இறங்கும். பழைய தொழில் அவருக்கு அந்த நிமிஷம் திரும்பி வந்தது.

வேட்டியின் பச்சைக் கரை கதாநாயகனின் மூக்கு வழியாக ஓடியது. காற்று அடித்தால் கதாநாயகி உப்பினாள். பின்னால் ஒரே சிரிப்பு.

"அடியே, இவ மாராப்ப மாத்திப் போட்டுக்கினு வராடி."

"அவசரத்துல கட்டிக்கினு வந்துட்டா, வுடு."

முன்னால் இருந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு எதற்கென்று புரியவில்லை. ஆனாலும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். புரொஜக்டரின் சூடு முகத்தில் அடிக்க, இரண்டு பக்கமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது நேற்றுப் போல இருக்கிறது.

மறுநாள் ஜீப்பில் இறங்கும்போது முதலாளி சொன்னார். "நாலு ஊரும் வரச் சொல்லிட்டாங்கடா. திரைய மட்டும் எடுத்துக்கினு வராதன்னுட்டாங்க."

3. மணித்திரை போய்ச் சேர்ந்த இடம்

அந்தத் திருவிழாக்களால் கடை ஷட்டர் இறங்காமல் நின்றது. மணித்திரையைச் சின்னசேலத்தில் ஓர் அரிசி ஆலைக்காரர் தன் வீட்டுக்கு வாங்கிக்கொண்டார். நான்தான் போய் மாட்டினேன். ஒடுக்கமான நீள ஹால், கதவைச் சாத்தினால் நல்ல இருட்டு. சோபா நேர் எதிரே. அங்கே படம் கண்ணாடி மாதிரி நின்றது. கொடுத்த காசுக்குத் திரை தன் வேலையைச் செய்தது. அதை மறுக்க மாட்டேன்.

இப்போது கள்ளக்குறிச்சியில் வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுக்கிறேன். விலை கூடின திரை வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சுவருக்கு வெள்ளை அடித்துப் பார்த்தாலும் படம் தெரியும். மேட் ஒயிட் என்கிற பளபளப்பில்லாத சாதா வெள்ளைத் திரை, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி காட்டும். பகலில் ஜன்னல் வெளிச்சத்தோடு பார்க்கிறவர்களுக்கு அந்த வெளிச்சத்தை ஒதுக்கும் திரை உபயோகம்தான். ஆனால் விலை கூடக் கூடத் திரை ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே உட்கார்ந்தவருக்குத்தான் முழு மரியாதை. அதனால் சுவரை அளப்பதற்கு முன்னால், வீட்டில் யார் யார் எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று கேட்டுவிடுவேன்.

போன மாதம் துருகம் ரோட்டில் ஒரு வீடு. வீட்டுக்காரர் போனில் ஒரு திரையைக் காட்டினார். எங்கள் ஊர் முழுவதிலும் அதைவிட விலை கூடினது இல்லை. வழக்கம்போலக் கேட்டேன்.

"நானும் பையனும் இங்க, சோபாவுல" என்றார்.

"அம்மா?"

அவர் திரும்பிப் பார்த்தார். சமையல்கட்டு வாசலில், கையில் கரண்டியோடு நின்றிருந்த அவர் சம்சாரம் சொன்னார்: "நான் எங்க ஒக்கார்றது? இப்பிடியே நின்னுக்கினு பாத்துட்டுப் போவேன்."

அந்த வாசலிலிருந்து பார்த்தால் அந்தத் திரை பாதி இருட்டு. வீட்டுக்காரரை எழுப்பி, அவர் சம்சாரம் நின்ற இடத்தில் நிறுத்தி, அங்கிருந்தே சுவரைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சாதா மேட் ஒயிட்டே போடுங்க" என்றார்.