தட்டு நிறைய வந்த பலகாரம்

கர்ப்பமாக இருக்கும் மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போகும் வழியில், கொழும்பில் அரை நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. நானும் கணவரும் ஊருக்குள் போய் ஒரு கடையில் டீ கேட்டோம். கூடவே, கேட்காமலேயே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், வடை என்று வந்தது.

எங்கள் வலங்கைமான் பக்கம், வைத்ததை மிச்சம் விட்டால் வைத்தவர் மனம் வாடிப்போகும். "விட்டுட்டுப் போனா மரியாதையா இருக்காதுங்க" என்று கணவரையும் சாப்பிட வைத்தேன். கடைசி வடையோடு நான் திணறுவதைப் பார்த்துக் கடைக்காரர் ஓடி வந்தார்.

"அம்மா, பிடிச்சத மட்டும் எடுக்கத்தான் வைக்கிறது. மிச்சம் இருந்தா நாங்க கோவிக்க மாட்டோம்."

கணவர் சிரித்தார். "இதத்தான் உன் பொண்ணும் சொல்லிக்கிட்டிருக்கா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாந்தியில் எதுவும் இறங்கவில்லை என்று அவள் போனில் அழும்போதெல்லாம், "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுடி" என்றுதான் அதட்டியிருக்கிறேன். கொஞ்ச நாளாக நான் கூப்பிட்டால் மருமகன்தான் போனை எடுக்கிறார்.

அவள் வீட்டில் முதல் சாப்பாடு. சோற்றையும் ரசத்தையும் நடுவில் வைத்துவிட்டு, கரண்டியைத் தொடாமல் உட்கார்ந்தேன். சும்மா உட்காருவது இவ்வளவு கஷ்டமா என்றிருந்தது. மகள் என் கைகளையே பார்த்தாள். பிறகு ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, அவளாகவே இன்னொன்று.