பால் டின் உறுமியும் ஒரு புது ஹெட்ஃபோனும்

தைப்பூசத்துக்கு வெளியிட, மலேசியாவில் எங்கள் கிள்ளான் ஊர் உறுமி மேளக் குழுவின் பாட்டை மிக்ஸ் செய்து அனுப்பியிருந்தேன். தலைவர் மணியம் அண்ணன் காலையிலேயே கூப்பிட்டார்.

"தம்பி, உறுமி ஏன் பால் டின்ன தட்ற மாதிரி இருக்கு?"

ரோஷம் வந்துவிட்டது. நேராக பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் ஆடியோ கடைக்குப் போனேன்.

"எதுல மிக்ஸ் பண்றீங்க?" என்று கடைக்கார அக்கா கேட்டார். இயர்பட்ஸைக் காட்டினேன்.

சிரித்துவிட்டார். "இது பேஸ, அந்த அடிச்சத்தத்த, ஏத்திக் காட்டும் லா. கூட இருக்குன்னு நெனச்சு நீங்க குறைச்சிட்டீங்க. உள்ளத உள்ளபடி காட்டுறது இதான், இந்தாங்க."

அவர் தந்த ஹெட்ஃபோனில் என் பாட்டைக் கேட்டேன். சத்தியமாகப் பால் டின்தான். இரண்டு வருடமாக இப்படித்தான் ஊருக்கே அனுப்பியிருக்கிறேன். அதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

சரிசெய்து மாலையில் அனுப்பினேன். அண்ணன் உடனே அழைத்தார்.

"இப்பதான்யா உறுமி! ஆனா பேஸ் கொஞ்சம் ஓவர் லா, கார் கண்ணாடியே ஆடுது."

அவர் காரின் பின்பக்கம் முழுக்க பேஸை ஏற்றும் சப்வூஃபர் ஸ்பீக்கர்கள். அதை மறந்தே போனேன்.

உள்ளதை உள்ளபடி காட்டும் கார் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அண்ணனை ஏற்றி அனுப்புகிறேன்.